மயக்கம் தெளியும் வரை

நாலாவது மூஞ்சூறு அடங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மருந்துப் பஞ்சு போட்ட ஜாடியிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் கிடத்தினாள் மருத்துவர். எடை பதினொரு கிராம். ஆராய்ச்சிக்கு ஒரு சொட்டு ரத்தம், காதோரம் அடையாளத்துக்கு ஒரு மைப்புள்ளி. பிறகு மயக்கம் தெளிய, வெந்நீர்ப் பை மேல் வைத்த பெட்டி.

இத்தனூண்டு உயிருக்கு எல்லாமே எமன்தான். மருந்து துளி கூடினால் போய்விடும். உடம்பு குளிர்ந்தால் போய்விடும். அரைமயக்கத்தில் யாராவது கதவைத் தட்டினால் பயத்திலேயே நெஞ்சு நின்றுவிடும். போன வாரம் ஒன்று அப்படித்தான் அவள் கையிலேயே போனது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த வாரம் கெடுபிடி அதிகம். மின்விசிறி கிடையாது. எதுவும் நழுவி ஓடாதபடி கதவிடுக்கில் துண்டு. முன்பு சாமான் போட்டுவைத்த அறை, ஜன்னலும் கிடையாது. வெளியே கதவில் சிவப்பு மையில் அவளே எழுதி ஒட்டிய தாள்: ‘உள்ளே மயக்கம் தெளிகிறது. தட்டாதீர்கள். கூப்பிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவும்.’

அதை மதிக்காத ஆள் ஒருவர்தான். கூண்டு வைத்து இவற்றைப் பிடித்துக்கொண்டு வரும் அவள் கணவர். தெளிந்த மூன்றையும் பிடித்த இடத்திலேயே விட வாங்கிப் போனபோதும் தடதடவென்று வந்து கதவை இடித்தார்.

“நான் என்ன பூனையா, சத்தமில்லாம நடக்க?”

“பூனைய விட மெதுவா நடங்க. இல்லேன்னா இந்தப் பக்கமே வராதீங்க.”

சிரித்துக்கொண்டே போனார். அந்த மனுஷருக்குச் சொல்வதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான்.

மூச்சை எண்ண உட்கார்ந்தாள். மூஞ்சூறு நாற்றம் குடலைப் பிடுங்கியது. வழக்கம்போல மூக்கடியில் இன்னொரு விரல் தைலத்தை இழுகிக்கொண்டாள். அப்புறம் தைலத்தைத் தவிர வேறு எந்த வாசனையும் தெரியவில்லை.

முறைக்குக் காத்திருந்த மூன்று கூண்டுகளிலும் பிறாண்டல் நின்றிருந்தது. சமத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு, பதின்மூன்று. பதின்மூன்று. எண்ணிக்கை தப்பியது.

பதினைந்து வருடத்தில் அவளுக்கு எண்ணிக்கை தப்பியதில்லை. காலையில் சாப்பிடாதது, புழுக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கன்னத்தை மேசையில் சாய்த்தால் தேவலை போலிருந்தது. சாய்த்தாள்.

கண்ணெதிரே தட்டில் ஒரு மூடி இருந்தது. மயக்க மருந்துப் புட்டியின் மூடி.

மூடி இங்கே. புட்டி எங்கே?

குனிந்தாள். முழங்கை பட்டிருக்க வேண்டும். மேசைக்கடியில் பஞ்சுப் பொதி மேல் புட்டி கவிழ்ந்து கிடந்தது. காலையில்தான் உடைத்த புதுப் புட்டி. பஞ்சைத் தொட்ட விரல் சில்லென்று குளிர்ந்தது.

கூண்டுகள் ஏன் அடங்கின என்று அப்போதுதான் புரிந்தது.

எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள். தரையில் கிடந்தாள். இந்த ஆவி கனமானது, தரையில்தான் தேங்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். எழத்தான் முடியவில்லை.

கதவுக்கு நாலு முழ தூரம். ஊர்ந்தாள். கை துண்டைத் தொட்டுவிட்டது. இழுப்பது எப்படி என்று விரல்களுக்கு மறந்துபோயிருந்தது.

நடையில் செருப்புச் சத்தம். தடதடவென்று.

நாலாவதை வாங்க வருகிறார். இத்தனை நாள் எரிச்சலூட்டிய அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்தது. இடிங்க, என்று சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

சத்தம் கதவோரம் வந்து நின்றது. ஒரு தாளைப் படித்து முடிக்கிற நேரம் ஆனது.

பிறகு ஒரு செருப்பு கழன்றது. இன்னொன்றும் கழன்றது.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பூனையை விட மெதுவாகத் திரும்பிப் போய்விட்டார்.

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்னதை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.