வரிசையில் கடைசி

மாலை ஐந்து மணிக்கு வலைத்தளம் மூடிவிடும். தாராவியில் அந்த 'சால்' வரிசைக் குடியிருப்பின் அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் புது வீட்டு விண்ணப்பம் ஜெபாவின் லேப்டாப்பிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுதிய புரோகிராம் ஒவ்வொருவர் பெயரையும் கதவு எண்ணையும் படிவத்தில் நிரப்பி, அவரவர் கரண்ட் பில்லைக் குடியிருப்புச் சான்றுக் கோப்பாகச் சேர்த்துத் தானே அனுப்பியது.

தன் வீட்டை முதலில் வைத்திருந்தாள். குழாயடிச் சண்டையில் அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசிய தங்கமயிலைக் கடைசியில் வைத்திருந்தாள்.

"ஏட்டி, என்னோடது போயிட்டா?" வாசலிலேயே நின்றாள் தங்கமயில்.

"வரிசைல இருக்குக்கா."

மணி நாலு ஐம்பத்திரண்டு. நாற்பதுதான் போயிருந்தது. சர்வர் திணறியது. கடைசிப் பெயர் போய்ச் சேராது என்று ஜெபாவுக்குத் தெரிந்தது. வரிசையை மாற்ற அவள் கை நீளவில்லை.

"பாத்து அனுப்பு தாயி. எனக்கு இந்த ஒரு கூரைதான் இருக்கு."

ஆனால் சர்வர் திடீரென்று வேகம் பிடித்தது. நாலு ஐம்பத்தொன்பதுக்குத் தங்கமயிலின் விண்ணப்பமும் போய்விட்டது. தளம் கதவடைத்தது. இனி அனுப்பியதைப் பார்க்க மட்டுமே முடியும்.

ஜெபா முதல் விண்ணப்பத்தைத் திறந்தாள். அம்மாவின் பெயருக்குக் கீழே தங்கமயிலின் கரண்ட் பில் இருந்தது. அடுத்ததிலும் அதே பில். அதற்கடுத்ததிலும்.

புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அத்தனை கோப்புக்கும் 'பில்' என்று ஒரே பெயரைக் கொடுத்திருந்தாள். தளத்தில் அவள் கணக்கில் பின்னால் வந்த ஒவ்வொன்றும் முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"என்னட்டி முழிக்கே? என்னோடது போயிட்டா, இல்லியா?"

"ஒங்களோடது மட்டுந்தான்க்கா சரியாப் போயிருக்கு."