வெள்ளை மட்டும்

முட்டை சுட்டது. ஊதி ஊதி உரித்தாள்.

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, முட்டையின் இடுப்பில் சுற்றி இழுத்தாள். இரண்டாகப் பிளந்தது.

மஞ்சளை விரலால் நெம்பி எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அது அவளுக்கு.

வெள்ளையைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். அது அவனுக்கு.

தை பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

வாசலில் அவன் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்தான். பருப்பு மண்டியில் மூட்டை சுமக்கிறவன். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாரி வந்துவிடும்.

தையில் ஒருநாள் வந்து சொன்னான், ஜிம்மில் சேர்ந்திருக்கிறேன் என்று. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மண்டியில் யாரும் வாயை அடைத்துக்கொள்ளவில்லை.

"பகல் பூரா மூட்டை தூக்குறது பத்தலையாம்ல. பொழுது சாஞ்சா பணம் கட்டி இரும்பு தூக்குறாராம் நம்ம காசிலிங்கம்."

அவன் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, ஜிம் மாஸ்டர் சொன்னதை மட்டும் சொன்னான்.

முட்டையில் வெள்ளை மட்டும்தான் தின்ன வேண்டுமாம். மஞ்சள் ஆகாதாம்.

ஈரல் ஆகாதாம். குழம்புச் சாறு மட்டும் போதுமாம்.

பேரீச்சம்பழம் ஆகவே ஆகாதாம். "யாரோ குடுத்தாக. நான் திங்கக் கூடாது" என்று பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

பவுடர் டப்பா ஒன்றும் வந்தது. சட்டை போடாத வெள்ளைக்காரன் படம் ஒட்டியது. காலையில் அதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தான். அவன் இல்லாத நேரம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். பொட்டுக்கடலை மாவு வாசனை.

பாவம், எவனோ ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தாள். சொன்னால் மனசு நோகும். சொல்லவில்லை.

தைக்கு முந்தின மார்கழியில்தான் பெரியாஸ்பத்திரியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தாக வேண்டும். ஆனால் உடம்பில் ரத்தம் இல்லை. ரத்தம் ஏறாமல் கத்தி வைக்க முடியாது.

மாத்திரையை விடாமல் போடு, முட்டை தின்னு, ஈரல் தின்னு, பேரீச்சம்பழம் தின்னு என்றாள் நர்ஸ். அவன் பக்கத்தில்தான் நின்றான்.

அன்று சாப்பாட்டில் தன் முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

அவள் அதை அவன் சோற்றுக்கு அடியில் புதைத்தாள். "சுமக்கிற உடம்பு உன்னுது. தின்னுய்யா."

மறுநாளும் வைத்தான். மறுநாளும் புதைத்தாள். ஒருநாள் சத்தம்கூடப் போட்டான். அவள் அசையவில்லை.

தனக்கென்று ஒன்றை எடுத்து வாயில் வைக்க அவளுக்கு வராது. மகளைக் கட்டிக்கொடுத்து, வீட்டில் இரண்டே பேர் என்று ஆன பிறகும் வரவில்லை. அவன் தின்று முடித்து, சட்டியில் மிஞ்சினால் தின்பாள்.

மிஞ்சியதைக் கொட்ட மட்டும் மாட்டாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

நேற்று மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருந்தது. புதன்கிழமை வந்து படுக்கச் சொன்னார்கள்.

"நல்லா தேறிட்டியே. என்னம்மா சாப்பிட்ட?" என்றாள் நர்ஸ்.

"மிச்சம்தான்."

வரும் வழியில், பூக்கடை முக்கில் ஜிம் மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். அவளுக்குக் கொழுந்தன் முறை வேண்டும்.

"மதினி, நீங்களாவது அண்ணன்கிட்டச் சொல்லுங்க. மூட்டை தூக்குற ஆளு, முழு முட்டையாத் தின்னுங்கண்ணே, ஈரல் கெடைச்சா விடாதீகன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே. சரி, இரும்பையாவது தொடுவாருன்னு பாத்தா, வந்ததும் பெஞ்சுல சாஞ்சு தூங்கிருதாரு. எழுப்பவும் மனசு வரல."

"சொல்றேன்" என்றாள்.

பூ வாங்க வந்தவள் வாங்காமலே நடந்தாள். வீடு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவன் வந்ததும் ரத்தம் ஏறியதை மட்டும் சொன்னாள்.

"ம்" என்றான். குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினான்.

இன்று.

அடுத்த முட்டையைப் பிளந்தாள். நெம்பப் போன விரல் நின்றது.

மஞ்சளோடு சேர்த்து அந்தப் பாதியைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள். மேலே இருந்து பார்த்தால் வெள்ளைதான்.

அவன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒன்றை எடுத்துத் தின்றான். அடுத்ததைக் கடித்தான்.

தாடை நின்றது. மீசையில் மஞ்சள் தூள்.

அவள் டம்ளரில் அவனுடைய பவுடரைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள. இதுல மஞ்சக்கரு இருக்கு."

"மிஞ்சிருச்சுய்யா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் டம்ளரைப் பார்த்தாள். கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. மாவு எப்போதோ கரைந்துவிட்டது.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. மீதியையும் வாயில் போட்டு மெதுவாக மென்றான்.

விழுங்கிய பிறகு சொன்னான்.

"மாஸ்டர்கிட்டச் சொல்லிராத."