எண்பது லட்சம் புள்ளி

"முப்பத்திரண்டு அங்குல டிவி. சாதா எச்டி போதும்" என்றாள் நில்டா.

தன் ஊர்க் கடைகளை விட்டுவிட்டு, பஸ் பிடித்துக் காகுவாசு நகரத்துக்கு வந்திருந்தாள்.

விற்பனையாளன் எவெலியோ அவளுடைய செருப்பைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"அதுல பத்து லட்சம் புள்ளிதான் செனோரா. ஃபோர்-கேல எண்பது லட்சம். எச்டி எல்லாம் இப்ப கோழிக்கூண்டுல வைக்கத்தான் வாங்குறாங்க."

"நாலு மீட்டர் தள்ளி உக்காந்து சீரியல் பாக்குறவ நான். எண்பது லட்சத்த எண்ணவா போறேன்?"

அவனுக்கு அது பிடிக்கவில்லை. மாட்டே தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சுவரை அடைத்திருந்த பெரிய திரையில் போன மாதக் கால்பந்து லீக் இறுதி ஆட்டத்தை ஓடவிட்டான்.

கடைசி நிமிடம். கோல் விழுகிறது. கோட்டோரம் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குகிறான். ஆஃப்சைடு: பந்து வரும்போதே கோல் போட்டவன் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றானாம். கோல் செல்லாது. வட்டார அணி கோப்பையை இழந்தது.

"புல்லு ஒவ்வொண்ணும் தெரியுதா? அந்த நாயோட மூஞ்சியும் தெரியும், நல்லாப் பாருங்க. காசு வாங்கினவன் மூஞ்சி."

அந்த ஆட்டத்தை நில்டா வீட்டுப் பழைய பெட்டியில் பார்த்திருந்தாள். அதில் ஆட்டக்காரர்கள் வெறும் கலங்கிய நிறத் திட்டுகள். ஊரே அந்த லைன்ஸ்மேனைத் திட்டியது. அவளும் திட்டினாள், ஊருக்குத் தெரியாத சொற்களையும் சேர்த்து.

"பந்தத் தட்டிவிடுற இடத்துல நிறுத்து."

நிறுத்தினான்.

அவள் திரைக்குப் பக்கத்தில் போனாள். கடைசித் தடுப்பாளனின் முழங்கால். அதைத் தாண்டி, இரண்டு விரல் அகலம் முன்னால், ஒரு மஞ்சள் பூட்ஸ்.

"இது யார் காலு?"

"நம்ம ஒஸ்மார் கால்தான். கோல் போட்டவன்."

"முன்னாடி இருக்கே."

எவெலியோ எட்டிப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"அது... கேமரா கோணம் அப்படி, செனோரா."

"எண்பது லட்சம் புள்ளி வச்சிருக்க. ஒண்ணுகூட உன் கண்ணுக்குத் தெரியல."

திரையின் ஓரத்தில் கொடியோடு உறைந்து நின்ற மனிதனை அவள் வெகுநேரம் பார்த்தாள். அவன் முகத்தில் பயமும் இல்லை, கள்ளமும் இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையே கட்டு" என்றாள்.

எவெலியோவுக்கு உற்சாகம் திரும்பியது. "பழசக் கொண்டாந்தா கொஞ்சம் கழிச்சுக்கலாம்."

"அது உடஞ்சுபோச்சு."

"சரி, இத எங்க இறக்கணும்?"

அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். "சந்தைக்குப் பின்னால. லைன்ஸ்மேன் வீடு எதுன்னு யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. கல்லெறிய வந்தவங்கதானே எல்லாரும்."