ஒன்பதாவது தீர்மானம்

கொதிகலன் பழுது முடிந்தது. பெரிய காபிப் பாத்திரத்துக்குப் புதுக் குழாய் வாங்குவதும் முடிந்தது. வருடாந்திரக் கூட்டம் ஒன்பதாவது தீர்மானத்துக்கு வந்ததும் சபையார் நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

1977 அக்டோபரில் லோவல்மேல் வெர்லின் மோதியது அழுகுணி ஆட்டமா, சுத்தமான ஆட்டமா?

தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நாற்பத்தாறு பேர். வாக்குச் சீட்டு எண்ணுபவர் மார்லிஸ். பத்தொன்பது வருடத்தில் ஒரு சீட்டுகூடப் பிசகியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று நடந்தது அமெரிக்கக் கால்பந்து. லோவல் இந்த ஊர்ப் பள்ளி அணியின் குவாட்டர்பேக். பந்தை வீசுகிறவர். வெர்லின் பக்கத்து ஊர்ப் பள்ளிக்காரர். வீசுகிறவரைச் சாய்ப்பதுதான் அவர் வேலை.

பந்து கையில் இருக்கும்போது மோதியிருந்தால் சுத்தம். கையைவிட்டுப் போனபிறகு மோதியிருந்தால் அழுகுணி.

இருக்கிற ஒரே சாட்சி ஊர்ப் பத்திரிகையில் வந்த புகைப்படம். அதில் லோவலின் கை இருக்கவேண்டிய இடத்தை பாண்டு வாத்தியக்காரர் ஒருவரின் டியூபா, அந்தப் பெரிய பித்தளைக் குழல், மறைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஊதிய மனிதர் இன்னும் இதே சபையில்தான் இருக்கிறார். பாவம், அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

லோவலின் வலது தோள் அன்றைக்குப் போனது போனதுதான். அவரால் வாசலில் குவியும் பனியை அள்ள முடியாது.

பிற்பாடு வெர்லின் இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இந்தச் சபைக்கே வந்து சேர்ந்தார். வந்த முதல் குளிர்காலத்திலேயே எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தார். சபை இப்படியோ அப்படியோ ஒரு முடிவு சொல்லும்வரை லோவல் வீட்டு வாசலில் விழுகிற பனி தன் பொறுப்பு. முடிவு வந்துவிட்டால் பொறுப்பும் முடிந்தது.

முடிவு வரவேயில்லை. வருடாவருடம் இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. பெரியவர்கள் செத்தார்கள். பிள்ளைகள் வந்து அவர்களுடைய பெஞ்சையும் அபிப்பிராயத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

வெர்லினின் மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. லோவல் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பனி விழுந்த காலைகளில் வெர்லின் வாசலைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே போவார். காபியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பத்து மணிவரை அந்த ஒரே மோதலைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

மார்லிஸுக்கு எதிர்வீடு. ஜன்னல் வழியாக எல்லாம் தெரியும். கோடைக்காலத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாசலில் கேட்பாரற்று உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

வழக்கம்போல் முதலில் நடித்துக் காட்டினார்கள். லோவல் பந்துக்குப் பதிலாக ஒரு ரொட்டிப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெர்லின் சமையலறைக் கதவிலிருந்து பாய்ந்தார். முழங்கால் வலியோடு பாய்ந்ததில் ஆறு அடியைக் கடக்க ஒரு நிமிடம் பிடித்தது.

"பாத்துக்குங்க, ரொட்டி இன்னும் கையிலதான் இருக்கு" என்றார் வெர்லின், லோவலைக் கட்டிக்கொண்டே.

"நீ வந்து சேர்றதுக்குள்ள ரொட்டி பூசணம் பூத்துடும்யா."

சிரிப்பு அடங்கியதும் லோவல் உட்காரவில்லை.

"போன வாரம் போதகரம்மா மன்னிப்பைப் பத்திப் பேசினாங்க. என்னையே பாத்துப் பேசினாங்க. சரி, போகட்டும். இந்த வருஷம் நான் சுத்தம்னு எழுதப்போறேன்."

யாருடைய முள்கரண்டியோ கீழே விழுந்தது.

வெர்லினின் முகம் செத்துப்போயிற்று. "நல்லதுதான்" என்றார். நாற்பது வருடம் கேட்டது கிடைத்த ஆள் மாதிரியே இல்லை.

மார்லிஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். லோவலின் ஒரு சீட்டு மாறினால் இருபத்துநாலுக்கு இருபத்திரண்டு. செவ்வாய்க்கிழமை பனி கொட்டும் என்கிறார்கள். வெர்லின் வரமாட்டார்.

சீட்டுகளைச் சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். எல்லாருடைய கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. எல்லோரும் போன வருடம் எழுதியதையே எழுதியிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு சீட்டு மிஞ்சியது.

ஒன்று தச்சுவேலைப் பட்டைப் பென்சிலால் எழுதியது. அந்தப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஆலயத்துக்கு வருகிற ஆள் வெர்லின் ஒருவர்தான். அதில் இருந்தது: அழுகுணி.

மார்லிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. லோவலின் சீட்டு அந்தப் பக்கம் போனால், வெர்லின் தன் சீட்டை இந்தப் பக்கம் போட்டுவிட்டார். மறுபடியும் சமம்.

மற்றது இடதுகையால் எழுதியது. எழுத்தெல்லாம் கீழே விழப்போகிற மாதிரி சாய்ந்திருந்தது. லோவலுடையது. ஊரறியச் சுத்தம் என்று எழுதுவதாகச் சொன்ன மனிதருடையது.

அதிலும் அழுகுணி.

"பாவி மனுஷா" என்றார் மார்லிஸ்.

திரும்ப எண்ணினார். சுத்தம் இருபத்திரண்டு. அழுகுணி இருபத்துநாலு. நாற்பது வருடத்தில் முதல்முறையாகச் சபை ஒரு முடிவு சொல்லியிருந்தது.

"மார்லிஸ், எண்ணியாச்சா?" போதகரம்மா கதவருகே வந்து கேட்டார்.

மார்லிஸ் சீட்டுகளை அள்ளிக் கழுவுதொட்டித் தண்ணீரில் போட்டு, மேலே நாலு காபிக் கோப்பைகளையும் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இருபத்துமூணு. இருபத்துமூணு."

கூடத்தில் இரண்டு பெருமூச்சு ஒரே நேரத்தில் கேட்டது. வெர்லின் சுவரைப் பார்த்தார். லோவல் ரொட்டியைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை ஆறு அங்குலமாம்" என்றார் வெர்லின்.

"அப்ப ஏழு மணிக்கே வந்து தொலை."

போதகரம்மா காகிதத்தைத் திருப்பிப் பத்தாவது தீர்மானத்தைப் படித்தார். பத்தொன்பது வருடமாக ஒரு பிசகும் இல்லாமல் சீட்டு எண்ணிவரும் மார்லிஸுக்குச் சபையின் பாராட்டு.

நாற்பத்தைந்து கைகள் உயர்ந்தன. கொஞ்சம் பொறுத்து மார்லிஸும் கையைத் தூக்கினார்.