கச்சிதமான தோட்டா

இஸ்ரவேல் வீட்டில் கிடந்த பழைய துப்பாக்கிக்குத் தோட்டா செய்வதை உலகமே எப்போதோ நிறுத்திவிட்டது. லேத்துப் பட்டறை வைத்திருந்த அவன், பித்தளையைக் கடைந்து தானே செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தான். ஒன்று பாதியில் முட்டி நின்றது. இன்னொன்று தொளதொளவென்று ஆடியது. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சுவரில் விட்டெறிந்தான்.

“இதுக்கு ஒரு வாரியல் தேவல. வீடாவது கூட்டும்” என்றாள் மனைவி ஜெபக்கனி.

ஒருநாள், வெடிமருந்து அடைத்த தோட்டா ஒன்று கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு வெளியே எடுக்கப் பார்த்தான். வரவில்லை. குறடு போட்டு இழுத்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான். அசையவே இல்லை.

ஜெபக்கனி மெதுவாக விலகி நின்றாள். “இனி இத எந்தப் பக்கம் பாத்து வைக்கப் போறிய?”

அவன் துப்பாக்கியோடு நடுவீட்டில் நின்று சுற்றிப் பார்த்தான். நாலு சுவருக்கும் அந்தப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.