காரிலிருந்து இறங்கிய பேட்டரி

கார் இனி ஓடாது என்று ஆனதும் அதிலிருந்த, பேசவும் கேட்கவுமான வயர்லெஸ் ரேடியோவை வீட்டுக்குள் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். சுவர் பிளக்கின் கரண்ட் அதற்கு ஆகாதென்று கார் பேட்டரியையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து வயரைக் கோத்தார்கள். இனியாவது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்தது பேட்டரி.

"ஹலோ, யார் இருக்கீங்க? ஓவர்." ரேடியோ விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் கூப்பிட்டது.

"தம்பி, நீ சும்மா கேட்டுக்கிட்டிருந்தா எனக்குப் பாரமில்ல. பேசினாத்தான் என்னை உறிஞ்சிடுற," என்றது பேட்டரி.

"கார்ல நாள் முழுக்கப் பேசினேனே அண்ணே, அப்ப ஒண்ணும் சொல்லலையே?"

"அங்க நான் கொடுக்கக் கொடுக்க இன்ஜின் எனக்கு ஊத்திக்கிட்டே வந்துச்சு. இங்க எனக்குன்னு யார் இருக்கா?"

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. கூப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்க மட்டும் செய்தது. பேட்டரிக்குக் கண் சொருகியது.

அதைப் பார்த்ததும் ரேடியோ பதறி மறுபடி கூப்பிட்டது. "எங்க அண்ணனுக்கு ரொம்ப முடியல. ஓவர்."

"அடடா, நல்லாத்தானே இருந்தாரு? என்ன ஆச்சு, விவரமாச் சொல்லு, ஓவர்," என்று நாலு பக்கமிருந்தும் குரல்கள் வந்தன.

ரேடியோ முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தது.

பேட்டரி கண்ணை மூடிக்கொண்டது.