மிக்கியின் வயது

"நாலு நாளா அது வாயத் தொறக்கல. இன்னும் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க? டாக்டர்கிட்ட தூக்கினு போங்க!"

பக்கத்து வீட்டு எலைன் வாசலில் நின்று சத்தம் போட்டாள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கோரமண்டல் லைன் வீட்டுக்குள்ளே சகாயமும் அவர் மனைவி ஆனியும் கூண்டுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சை உடம்பும் மஞ்சள் தலையுமான லவ் பேர்ட் மிக்கி, இறகை உப்பவிட்டுக்கொண்டு கூண்டின் தரையில் ஒடுங்கிக் கிடந்தது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது.

"துளசித் தண்ணி குடுத்திருக்கேன் எலைன். காலைல பாக்கலாம்" என்றாள் ஆனி.

"நேத்தும் இதான சொன்ன?"

"இந்த ஊர்ல குருவிக்கெல்லாம் யாரு டாக்டர் கீறாங்க? எல்லாம் மாட்டு டாக்டருங்கதான்" என்றார் சகாயம்.

"ஏன் இல்ல? பஸ் ஸ்டாண்டாண்ட புதுசா ஒரு லேடி டாக்டர் வந்துகீறாங்க. கிளி, புறா எல்லாம் பாக்கறாங்களாம். கிறிஸ்டோ இருந்தா இப்டி வேடிக்க பாப்பானா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

கிறிஸ்டோ அவர்களுடைய ஒரே மகன். காலேஜ் படிக்கும்போது அவன் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த குஞ்சுதான் மிக்கி. பெங்களூர் ரோட்டில் பைக்கோடு லாரியில் மோதி அவன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தது இது ஒன்றுதான்.

ஆனி மிக்கியோடுதான் பேசுவாள், மிக்கியிடம்தான் அழுவாள். பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் சகாயம் விடிகாலை ரயிலில் போனால், கூண்டுக்குத் துணி போர்த்திய பிறகுதான் வீடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கூண்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பதோடு சரி. இதுவும் போய்விட்டால் ஆனியை யார் தேற்றுவது?

ஆட்டோ, சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டைத் தாண்டும்போது, மடியில் கூண்டை அணைத்துக்கொண்டிருந்த ஆனி சொன்னாள்.

"டாக்டரு இன்னா சொல்லுவாங்களோன்னு பயமா கீதுங்க."

"எனக்கும்தான்."

டாக்டர் அறைக்கு வெளியே நாயோடு காத்திருந்த கோவிந்தனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இத்துனூண்டு குருவிக்கு ஆட்டோ, டாக்டரு, ஊசி எல்லாமா? இதே மாதிரி ஒண்ணு புதுசா வாங்கி உள்ள வுட்டா முடிஞ்சிபோச்சி. யாருக்கு வித்தியாசம் தெரியப்போவுது?"

ஆனி தலையைக் குனிந்துகொண்டாள். சகாயத்துக்குச் சுருக்கென்றது. "உன் நாய பாத்துக்கோப்பா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் மமதாவுக்குச் சின்ன வயதுதான். மிக்கியைக் கையில் எடுத்த விதமே நம்பிக்கையாக இருந்தது.

"வயசு எத்தன அங்கிள்?"

சகாயம் ஆனியைப் பார்த்தார். ஆனி சகாயத்தைப் பார்த்தாள்.

"ஒம்போது" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"ஒம்போதா? அய்யோ, அப்ப ரொம்ப கஷ்டம் அங்கிள். இந்த வயசுல நெஞ்சுல சளி கட்டினா தாங்காது."

ஆனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் டார்ச்சை எடுத்து மிக்கியின் கண்ணில் அடித்துப் பார்த்தார். திருப்பி இன்னொரு கண்ணையும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"நோடி, இங்க பாருங்க. கண்ணுல வெள்ளை வளையமே இன்னும் சரியா விழல. யாரு ஒம்போதுன்னு சொன்னது? இதுக்கு ஒரு வயசுகூட ஆகல! குட்டிப் பையன், தாங்கிடுவான். சொட்டு மருந்து தரேன். பல்பு போட்டுச் சூடா வெச்சுக்கோங்க, பொழச்சிப்பான்."

இதைவிட நல்ல சேதி வேறென்ன வேண்டும்? ஆனால் இரண்டு பேரும் பேயறைந்தது போல வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சகாயம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஆனி... ஒண்ணு சொல்லணும்..."

அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, நானே சொல்லிடறேன். நம்ம மிக்கி தவக்காலத்துலயே செத்துப்போச்சிங்க. என் கைலதான் உசுரு போச்சி. நீங்க தாங்கமாட்டீங்கன்னு ஆண்டர்சன்பேட்டைல இத வாங்கியாந்து வுட்டேன். கடைசியா ஒருவாட்டி அது மூஞ்சிய பாக்கக்கூட உங்கள வுடல. பாவி நான், என்ன மன்னிச்சிடுங்க."

சகாயம் மெல்லக் கேட்டார்.

"அத இன்னா பண்ண?"

"கிறிஸ்டோ கல்லறையாண்ட பொதச்சேன். அவன் குருவிய அவன்கிட்டயே சேத்துட்டேன். அந்த ஒரு ஆறுதல்லதாங்க நான் ராத்திரில தூங்கறேன்."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சகாயம் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மகன் செத்த மாதம் ஆனி அவள் அக்கா வீட்டில் கிடந்தபோது, தண்ணீர் வைக்கக்கூட நினைவில்லாமல் அவர் சாகவிட்ட அசல் மிக்கி, வீட்டுக் கொல்லையில் எருக்கஞ்செடிக்கு அடியில் கிடக்கிறது. அவள் மகனிடம் சேர்த்தது, அதற்குப் பதிலாகப் பெங்களூர் சிவாஜி நகரில் அவர் வாங்கி வந்து கூண்டில் விட்ட குருவியை.